அமிர்தம் கூப்பிட்டது

மூக்கனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் மிஷின் ரம்பம் கைக்கு வந்தது. அதுவரை அரிவாளும் கைரம்பமும் வடக்கயிறும்தான். மேலூர் பொன்னுத்தாய்க்குப் பிறந்த மூன்று பேரில் நடுப்பிள்ளை அவன். பெண்டாட்டி அமிர்தம் அசல் இல்லை, சொந்த அத்தை பாப்பாயியின் மகள். பாப்பாயிக்கு இவள் மூத்தவள், அடுத்தவன் ராசப்பன். மூக்கன் மரத்தில் ஏறுவான், அமிர்தம் கீழே நின்று கயிறு பிடிப்பாள். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் இவர்கள் கிளை கழிக்காத தோட்டம் குறைவு.

மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியாது. கரண்டுக் கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, யார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார்கள், இதெல்லாம் கீழே இருப்பவளுக்குத்தான் தெரியும். அவள் "பொறுங்க மாமா" என்றால் ரம்பம் நிற்கும். "ம்" என்றால் ஓடும். அவள் குரலை நம்பித்தான் அவன் அந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு காலம் மாறியது. போனில் கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் மிஷின் இருக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. வாங்கிவிடலாம் என்று கடைசியில் அமிர்தம்தான் சொன்னாள்.

பாலக்கரைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினார்கள். பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது, செயினை எவ்வளவு இறுக்குவது, பல்லை எப்படி அரம் போடுவது எல்லாவற்றையும் கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். காதுக்கு மாட்டிக்கொள்ள, இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடியும் கொடுத்தார். மூக்கன் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அமிர்தம் அந்த மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இத மாட்டிக்கிட்டா நான் கூப்புடுறது கேக்குமாங்க?"

"மாட்டாட்டியும் கேக்காதும்மா," என்று கடைக்காரர் சிரித்தார்.

மதுரைவீரன் கோயிலில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்துவந்தார்கள். முதல் ஒரு வாரம் மிஷின் அவனை மதிக்கவே இல்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வீங்கியது. ஸ்டார்ட் ஆகும், ஒரு செருமல் செருமிவிட்டு அணைந்துவிடும். புது மருமகப்பிள்ளை வந்திருக்கிறார், கூப்பிட்டவுடன் எழுந்திருப்பாரா என்று அமிர்தம் கேலி செய்தாள். கொள்ளிடக் கரையில் காற்றுக்கு விழுந்து கிடந்த வாகைமரத்தில் போட்டுப் பழகினான். வெட்டு முடியும் இடத்தில் மிஷின் தானாக முன்னே பாயும். அதைப் பிடித்து நிறுத்தக் கை கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. ராத்திரி சோறு பிசையும்போது விரல் நடுங்கும். பேச்சும் சத்தமாகிவிட்டது.

"பக்கத்துலதான் இருக்கேன். ஊருக்கே சொல்றீங்க," என்பாள் அமிர்தம்.

வேலை வந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் மிஷின் ஓடும்போது அவள் சொல்வது எதுவும் அவன் காதில் விழவில்லை. அதற்கும் அமிர்தமே ஒரு வழி செய்தாள். மெல்லிய கயிறு ஒன்றை அவன் இடுப்பில் கட்டி மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு இழுப்பு என்றால் ஓட்டு. வீட்டுக் கொய்யாமரத்தில் அவனை ஏற்றிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது. ஆறு மாதம் அந்தக் கயிறு சரியாகவே பேசியது.

தை மாதம் தென்னூரில் அனுசுயா என்கிற டீச்சர் வீட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மொட்டை மாடிக்கு மேல் நீண்டிருந்த பெருங்கிளையை எடுக்க வேண்டும். பாதி வெட்டில் கிளை அடியிலிருந்து பிளக்க ஆரம்பித்தது. கைரம்பமாக இருந்தால் மரம் முனகுவது அவனுக்கே கேட்டிருக்கும். பிளந்த அடி அவன் உட்கார்ந்த பக்கமாகத் திரும்புவதை அமிர்தம் பார்த்தாள். இடுப்புக் கயிற்றை இழுத்தாள். அது ஒரு கவட்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பு அவனிடம் போகவில்லை.

குரலும் போகாது, கயிறும் போகாது என்றான பிறகு, அவன் கண்ணில் படுவதற்காக அவள் கிளைக்கு நேர் கீழே ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

மூக்கன் பார்த்தான். மிஷினை அணைத்துவிட்டு அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டான். அவனை உரசிக்கொண்டு கிளை இறங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அனுசுயா டீச்சர் வந்திருந்தார். மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர் மாதிரிச் சொன்னார்.

"முதல்ல 'மாமா, மாமா'ன்னு கத்துனாங்க. அப்புறம் உங்க பேரச் சொல்லியே கூப்ட்டாங்க. நாலு வீடு தள்ளிக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

அமிர்தம் அவன் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் விரலால் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். வரிசையே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். மகள் ரஞ்சனியின் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனபோதுகூட அச்சாபீஸில் அப்படித்தான் செய்தாள். முப்பது வருஷம் அடக்கி வைத்திருந்ததை அன்றைக்கு நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாள். கேட்க வேண்டியவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

"எப்படிச் சொன்னா? சொல்லிக் காட்டுங்கம்மா," என்றான்.

டீச்சர் தயங்கித் தயங்கி, "மூக்கா..." என்றார். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிற குரல் அது. மூக்கன் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்று மாதம் மிஷின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ரஞ்சனி அதை விற்றுவிடச் சொன்னாள். அக்காவைப் பறிகொடுத்த ராசப்பன்தான் ஒரு நாள் வந்து, முக்கொம்புப் பக்கம் ஒரு தோப்பில் வேலை இருக்கிறது, கயிறு நான் பிடிக்கிறேன் என்றான். அவன் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூக்கனுக்குச் சுமை கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மேலே ஏறி மிஷினை இழுத்தான். முதல் இழுப்பிலேயே எடுத்தது. நாலு விரல்கடை வெட்டினான். அணைத்தான். காதுமூடியை விலக்கிவிட்டு உட்கார்ந்தான். மறுபடி இழுத்தான், கொஞ்சம் வெட்டினான், அணைத்தான். ஏழாவது தடவை அணைத்தபோது கீழேயிருந்து ராசப்பன் கேட்டான்.

"என்ன மாமா, மிஷின் கோளாறா?"

"இல்ல."

"நான் ஒண்ணும் கூப்புடலையே."

"தெரியும்டா. கூப்புட்டா கேக்கணும்ல."

ராசப்பன் கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டான். ஒரு மணி நேர வேலை பொழுது சாயும்வரை இழுத்தது. தோப்புக்காரர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, மற்ற மரங்களுக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டதாக ராசப்பனிடம் சொல்லிப் போனார். ராசப்பன் அதை அண்ணாந்து மேலே சொன்னான். மூக்கன் சரி என்றான். இந்த மரத்தில் இன்னும் இரண்டு கிளை பாக்கி இருந்தது. மிஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இழுக்காமல், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.