வக்கீலுக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

பெண் எடுக்க, கடை திறக்க, கிணறு தோண்ட, எங்கள் குடும்பத்தில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் பொதிந்து, சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. வருகிற பூதான் சாமி வாக்கு. கொலை வழக்குக்கு வக்கீல் பிடிக்கவும் பூக்கட்டிப் பார்த்த குடும்பம் தூத்துக்குடியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்போது யுத்தகாலம். அப்பா போன பிறகு, துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்த எங்கள் கருப்பட்டிக் கடையைத் தம்பிதான் பார்த்துவந்தான். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், தோணியில் மூட்டை ஏற்றுகிற ஆள் ஒருவன் எடை குறைகிறது என்று அங்கே சத்தம் போட்டான். சிறிது நேரத்தில் அவன் தலை உடைந்து கடைக்குள் செத்துக் கிடந்தான். பக்கத்தில் இரும்பு எடைக்கல். தம்பியைக் காணோம். மறுநாள் சாத்தான்குளத்தில், எங்கள் தாய்மாமன் வீட்டில் வைத்துப் போலீஸ் அவனைப் பிடித்தது.

நான் புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். செய்தி கேட்டு ஓடிவந்தபோது அம்மா தரையில் கிடந்தாள். மாமாதான் தெம்பாக இருந்தார். சாத்தான்குளத்தில் அந்தச் சமயம் எங்கள் குலசாமிக்குக் கொடைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. "அவன் மொத நாளே கொடைக்கு வந்துட்டான்னு ஊரே சாட்சி சொல்லும்ளா. நீ அழாத" என்றார். தூக்குக் கயிறு கண்ணுக்கு முன்னால் ஆடும்போது யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? நானும் பேசவில்லை.

வக்கீல் தேடி முதலில் திருநெல்வேலிக்குப் போனோம். பெரிய வக்கீல். அவர் வாயைத் திறந்தால் கோர்ட்டே அடங்கும் என்று பேர். மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு, "கொடையில பாத்தவங்க உறுதியா நிப்பாங்கள்லா? போதும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அம்மாவுக்கு ஆறுதல்கூடச் சொன்னார்.

உள்ளூரில் இன்னொருவரையும் பாருங்கள் என்று யாரோ சொன்னதால் அவரிடமும் போனோம். எந்நேரமும் மூக்குப்பொடி போடுகிற, சிரிக்கத் தெரியாத வக்கீல். மாமா கொடைக் கதையை முடிக்குமுன்னே என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க தம்பி அடிச்சானா இல்லியா? ஜெயிலுக்குப் போயி அவன்கிட்ட யாராவது கேட்டியளா?"

எனக்கு அறைந்தது போல இருந்தது. மாமா எழுந்தேவிட்டார். தெருவில் இறங்கியதும், "இவன் வக்கீலா, போலீஸா? நம்மாளையே நம்ப மாட்டேங்கான்" என்று கத்தினார். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் வீடுவரை கூடவே வந்தது. பொடிவக்கீலையே வைப்போம் என்றேன். மாமா கேட்பாரா? வீட்டில் ரகளை. கடைசியில் குலசாமி கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. பெரியவருக்குச் சிவப்பு, பொடிவக்கீலுக்கு வெள்ளை. அம்மா எடுத்த இலையில் சிவப்பு அரளி இருந்தது. என்ன செய்ய, சாமியோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

வக்காலத்தில் கையெழுத்து வாங்க மாமாவோடு நானும் ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி பாதியாக இளைத்துப்போய் நின்றான்.

"இந்த வக்கீல் என்னன்னு சொல்லப்போறாரு?"

"நீ அன்னைக்குக் கொடையில இருந்தேன்னு" என்றேன்.

அவன் சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டினான். தொண்டையின் இரண்டு பக்கமும் நகம் பதிந்த தடம்.

"கழுத்த நெரிச்சான்க்கா. மூச்சு முட்டுச்சு. கைக்குக் கல்லு அகப்பட்டுச்சு, அடிச்சேன். இத்தன நாளும் ஒருத்தரும் எங்கிட்ட கேக்கலையே."

"ஏலே, வாய மூடு. சாமி பூ குடுத்திருக்கு. கையெழுத்தப் போடு" என்றார் மாமா.

"சாமி கொடையையே பொய்ச்சாட்சி ஆக்கிட்டு, அந்தச் சாமிகிட்டயே பூக் கேட்டியளாக்கும்?"

தம்பி கையெழுத்துப் போடவில்லை.

அங்கிருந்து நேராகப் பொடிவக்கீல் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும், "கழுத்துல தடம் இன்னும் மறையலையே?" என்றுதான் முதலில் கேட்டார். டாக்டர் பார்த்து எழுதவேண்டும் என்று அன்றைக்கே மனுப் போட்டார். வழக்கு நடந்தபோது ஜட்ஜ் கேட்டதற்குத் தம்பி, "அடிச்சேன் ஐயா. அவன் சாகணும்னு அடிக்கல" என்றான். செத்தவனின் தாய் தினமும் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

தூக்கு இல்லை. சில வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். பெரிய வக்கீல் என்றால் தீர்ப்பு அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பார் என்று மாமா சாகிறவரை சொன்னார். இருக்கலாம். அவர் சொன்னதைப் பொய் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

தம்பி கடையைத் திரும்பத் திறந்தான். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது செத்தவனின் தாய் வந்து நின்றாள். கருப்பட்டி வேண்டும் என்றாள். தம்பி எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தான். நிறுத்து முடித்தபின் கருப்பட்டியில் ஒரு சில்லை உடைத்து மேலே போட்டான்.

அவள் அந்தச் சில்லை எடுத்துத் திரும்ப அவன் முன்னால் வைத்தாள்.

"கூடப் போடாத. சரியாப் போடு. எம்புள்ள அதத்தான கேட்டான்."

அன்றைக்கு எடை குறைந்ததா என்று நாங்கள் யாரும் தம்பியிடம் கேட்டதில்லை. பொடிவக்கீல்கூடக் கேட்கவில்லை. தம்பி தலை நிமிராமல், தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று மறுபடியும் பார்த்துவிட்டு, பொட்டலம் கட்டினான்.