எஸ்தர் அக்காவின் ‘தத்தக்கா’ எழுத்துகள்

தாம்பரம் ஸ்டேஷன் படியேறிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் மகள் அழைத்தாள். “அம்மா போயிட்டாங்க அங்கிள்” என்றாள். எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் எந்தப் பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும் என்பது மறந்துபோய், படியிலேயே நின்றேன்.

சேலையூரில் எங்கள் டிசைன் கடையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு ‘தத்தக்கா’ எழுத்துருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நடை பழகும் குழந்தைபோல ஒவ்வோர் எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ‘ண’ தொந்தி தள்ளியிருக்கும். கட்டம் போட்ட தாளில் பேனாவால் வரைந்து, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பிளே ஸ்கூல் பலகை, பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், குல்ஃபி வண்டி என்று முடிச்சூர் வரை அது போனது.

எதற்கு ஆகாது என்பதில் அக்கா கறார். பெருங்களத்தூர் அபார்ட்மென்ட் செயலாளர் ஒருவர், ‘அந்நியர் உள்ளே வரக்கூடாது’ என்பதை அதில் கேட்டார்.

“சார், இதுல எழுதினா எல்லாரும் உள்ள வந்துடுவாங்க” என்றார் அக்கா. செயலாளர் சிரித்துவிட்டுச் சாதாரண எழுத்தில் வாங்கிப் போனார்.

என்னிடம் அடிக்கடி சொல்வது வேறு. “தலைப்புக்கு மட்டும் போடுங்க பாய். பத்தி முழுக்கப் போட்டா ஸ்கூல் வேன் மாதிரி ஆயிடும். யார் பேசறாங்கன்னே தெரியாது.”

எழுத்துரு முழுதாக முடிந்திருக்கவில்லை. தேவைப்படும்போது ஒன்றிரண்டு எழுத்து வரைந்து சேர்ப்பார். போன வருடம் சேர்த்தவற்றில் புதிதாக ஒரு நெளிவு இருந்தது. வாடிக்கையாளர்கள் அதையே கேட்டார்கள். நானும், “இந்த நடுக்கம் செமையா இருக்குக்கா, பழைய எழுத்துக்கும் இதையே போட்டுடலாம்” என்றேன்.

அக்கா தன் வலது கையைப் பார்த்தார். “அது நான் போட்டது இல்ல பாய். கை போடுது.”

நரம்பு நோய். மாத்திரை கொஞ்ச நாள்தான் கேட்டது. நெளிவு படிக்க முடியாத அளவுக்குப் போனதும், வேறு வழி தெரியாமல், அவர் சம்மதத்தோடு, அந்த நெளிவுகளைக் கம்ப்யூட்டரில் இழுத்து நேராக்கினேன். இரண்டு நாள் வேலை. பிரின்ட்டைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரோட எழுத்து?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

அதன்பின் அவர் கடைக்கு வரவில்லை. அனகாபுத்தூர் வீட்டுக்குப் போனேன். மகள் ஊட்டிவிட்ட கஞ்சி பாதியில் இருந்தது. மடியில் கட்டத்தாள்.

“வருதாக்கா?”

“வரலை பாய்.” தாளை மடியிலிருந்து தள்ளிவிட்டு, “வராது” என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தேன்.

எழுத்துருவை நானே முடித்துவிடலாமே என்று கடை முதலாளி கேட்கிறார். ழகர வரிசையே அதில் இல்லை. என்னால் முடியாது. வேறு யாராலும் முடியும் என்றும் தோன்றவில்லை.

அன்று அவர் மடியில் இருந்த கட்டத்தாளை மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். பதினொரு முறை ‘ழ’ எழுதிப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட முடியவில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். இன்னும் ஸ்கேன் செய்யவில்லை. திரையில் பார்த்தால் என் கை அதைத் திருத்தப் போகும்.