நீ என்பது இனிஷியல் அல்ல

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கடிதத்தைக் காணவில்லை.

கடிதம் தொலைவது பெரிய விஷயமா? எங்கள் ஆபீசில் பெரிய விஷயம்தான். சிட்னி நகரத்துக்குள் சின்ன ஆபீஸ். வெளிநாட்டு சொலிசிட்டர்கள், அதாவது வக்கீல்கள், இங்கே தொழில் செய்யத் தேவையான பத்திரங்களைச் சேர்த்து, அவர்களைப் பதிகிற போர்டில் கொடுப்போம். வரும் தபாலைப் பிரித்து, பெயர் பார்த்து, அலுமாரியில் வைப்பது என் வேலை. ஏ, பி, சி தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

வந்து நின்றவர் அயர்லாந்துப் பெண். பெயர் ஓர்லா நீ லீரா. 'இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை' என்று டப்ளினில் உள்ள சொலிசிட்டர்கள் சங்கம் பதிவேடுகளைப் பார்த்து, சீல் குத்தி அனுப்பிய கடிதத்தைத்தான் காணவில்லை. நான்கு மணிக்குள் அது போர்டில் இருக்க வேண்டும். ஃபேக்ஸ் எடுக்கமாட்டார்கள். டப்ளினைக் கேட்கலாம் என்றால், அங்கே இன்னும் விடியவில்லை.

என்னோடு வேலை செய்கிற புஷ்பா மலேசியாக்காரி. அலுமாரியை இரண்டு தடவை கிளறிவிட்டாள்.

"அண்ணே, என்-ல பார்த்துட்டேன். ஓ-லயும் பார்த்துட்டேன். இல்லைலா."

பிறகு குரலைத் தணித்தாள்.

"டப்ளின்லருந்து வரவே இல்லைன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"தபால் புத்தகத்தில என்ர கையெழுத்து இருக்கு."

"புத்தகத்த யாரு கேட்டா?"

"நான் வாங்கினனான், புஷ்பா."

ஓர்லாவிடம் போய் ஆங்கிலத்தில் சொன்னேன். கடிதம் வந்தது. நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன்.

அவர் ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்தார். "திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. இது போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் விசா இல்லை" என்றார்.

இந்தக் கதை நம்மில் யாருக்குத் தெரியாது?

மூன்று இருபத்தைந்து. என் சட்டை முதுகில் ஒட்டியது. சும்மா நிற்க முடியாமல் கேட்டேன்.

"உங்கள் பெயரில் 'நீ' என்றால் என்ன?"

"மகள் என்று அர்த்தம். லீரா வீட்டு மகள்."

தகப்பன் வழிப் பெயர்... அதற்கு முன்னால் குட்டியாக இரண்டு இங்கிலீஷ் எழுத்து...

கை தானாக எல் தட்டுக்குப் போனது. இருந்தது.

நாம் பெயர்களை அடுக்கும்போது என்ன செய்வோம்? க. சிவநாதனை 'சி'யில் வைப்போம். முன்னால் நிற்கும் இனிஷியலைக் கணக்கில் எடுக்கமாட்டோம். கடிதம் வந்த அன்று அந்த 'நீ'யையும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். லீரா என்று எல்-இல் போட்டிருக்கிறேன். ஓ, மாக் என்று தொடங்கும் அயர்லாந்துப் பெயர்களைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். நீ பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பாவம் அந்தப் பொண்ணு. 'நீ'யத் தூக்கிக் கடாசிட்டீங்களே அண்ணே!" என்றாள் புஷ்பா.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினோம், நானும் ஓர்லாவும். லிஃப்ட் வரவில்லை — படி. சிக்னல் சிவப்பு — நின்றோம். மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போர்டின் கவுன்டருக்குள் போனது. சீல் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன்.

வெளியே வந்து ஓர்லா கை கொடுத்தார்.

"நன்றி, கந்தையா."

"கந்தையா என் அப்பா. நான் செல்வராசா."

"அப்படியானால் ஆபீசில் ஏன் எல்லோரும்...?"

"வேலைக்குச் சேரும்போது, படிவத்தில் அப்பா பெயர் முன்னால் நின்றது. திருத்தவில்லை."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்பா யாழ்ப்பாணத்தைத் தாண்டியதே இல்லை. சிட்னியில் அவர் வேலைக்கு வந்து பதினொரு வருஷம். ஒரு நாள் லீவு எடுக்கவில்லை.