துட்டி வீட்டில் சுட்ட பூண்டு

ராஜாத்தியை வாயில்லாப் பூச்சி என்று எங்கள் தெருவில் பலரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஜெயமங்கலத்தில் அவள் வீட்டுக்கு எதிர்வீடு என் வீடு. இருபத்தாறு வருடமாகக் காலை பஸ்ஸில் வடுகபட்டிக்குப் போய், பூண்டு குடோனில் வேர் நறுக்கி, சருகு நீக்கி, பெரிசு சிறிசு பிரித்துப் போட்டுவிட்டு, பொழுது சாயத் திரும்புவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளுக்கோ பூண்டுக்கு வாசம் இருப்பதே மறந்துபோயிருந்தது. குடோன் பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். மூக்குக்கு நேரே நசுக்கினாலும் தெரியாது.

போன ஆவணியில் அவள் மகள் யுவராணிக்கு இங்கே தலைப்பிரசவம். பெண் குழந்தை. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. தாய்ப்பால் நன்றாகக் கொடுக்க வேண்டும், எடை இன்னும் இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை பிறந்து எட்டாம் நாள், ராஜாத்தியின் கணவர் சீனிச்சாமி வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றே யுவராணிக்குப் பால் வற்றத் தொடங்கியது. அழுது அழுது அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

இறங்குகிற மாதிரி அந்த வீட்டில் சோறும் இல்லை. எங்கள் பக்கம் துட்டி வீடு, அதாவது சாவு விழுந்த வீடு என்றால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தாளிக்கக் கூடாது. சமையல் வாசம் தெருவுக்கு வந்தால், ஆள் போன வீட்டில் ருசி கேட்குதோ என்பார்கள். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சோறும் வெறும் பருப்பும்தான். பெரியவர்களுக்கு அது சரி. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கும் அதே சட்டம் என்றால், அந்தச் சட்டம் போட்டவன் பிள்ளை பெற்றிருக்க மாட்டான் என்பது என் கட்சி. ஆனால் அதை நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்காம் நாள் மத்தியானம். பசியில் அழுதுகொண்டிருந்த குழந்தையின் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் வாய் மட்டும் திறந்து மூடியது. அது அழுதபோதுகூட, பக்கத்தில் இருந்த எனக்கு அவ்வளவு பயம் இல்லை; குரல் அடங்கியதும்தான் பயம் வந்தது. மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த ராஜாத்தி அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஜன்னலை அடைத்தாள். நான்கு முழுப் பூண்டைத் தோலோடு இரும்புச் சட்டியில் வைத்து, மேலே தட்டைக் கவிழ்த்து, தீயைச் சிறிசாக வைத்தாள். அவ்வப்போது தட்டைத் தூக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தோல் அங்கங்கே கருகியது. விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் அமுங்கவில்லை. அதற்குள் வாசம் வீடு முழுக்கப் பரவி, கதவிடுக்கு வழியாக, துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த வாசல் பந்தலுக்குப் போய்விட்டது. வாசம் வெளியே போகிறது என்று அவளிடம் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுப்பை அணைத்துவிடுவாள் என்று பேசாமல் நின்றேன்.

பந்தலில் பேச்சு நின்றது. சீனிச்சாமியின் அக்கா பவுனு எழுந்து உள்ளே வந்தார். கூடலூரில் வாழ்க்கைப்பட்டவர். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் வார்த்தைக்கு ராஜாத்தி ஒருநாளும் மறுவார்த்தை பேசியதில்லை.

“ஏ ராஜாத்தி, என்ன காரியம் பண்ற? தெரு முழுக்க மணக்குது. எந்தம்பி போயி நாலு நாளுதான ஆகுது?”

ராஜாத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. “மணக்குதா மதினி?” என்றாள். ஜன்னலை அடைத்ததாலும் தன் மூக்குக்குத் தெரியாததாலும் வாசம் வெளியே போகவில்லை என்று நினைத்திருந்தாள், பாவம்.

“வெளிய உக்காந்திருக்கவுக என்ன சொல்லுவாக?”

“தாளிக்கல மதினி. எண்ணெய் விடல. தோலோட சுடுறேன், அம்புட்டுத்தான்.”  அடுப்பை அவள் அணைக்கவில்லை. “புள்ளைக்குப் பால் இல்ல. உங்க தம்பிக்கு இனிமே நான் ஒண்ணும் செய்ய முடியாது. இந்த ரெண்டு உசுருக்குச் செய்யலாம். பேசுறவுக பேசட்டும்.”

பவுனு உள்ளறையைப் பார்த்தார். யுவராணி சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் குழந்தை சத்தமில்லாமல் கிடந்தது. பவுனு திரும்பிப் பந்தலுக்குப் போனார்.

“எந்தம்பி பேத்திக்குப் பால் வேணும். பூண்டு சுடச் சொன்னது நாந்தேன்” என்றார்.

திரும்பி வந்து அடுப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெந்த பூண்டைச் சூட்டோடு பிதுக்கினார். வெண்ணெய்போல வழிந்தது. உப்பும் பச்சை நல்லெண்ணெயும் விட்டுச் சுடுசோற்றில் பிசைந்து, “வாயத் தொற ஆத்தா” என்று யுவராணிக்கு ஊட்டினார். ஊட்டும்போது அவர் கண்ணீர் சேலையில் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு யுவராணி ஒரு தட்டுச் சோறு தின்றாள். ராத்திரிக்குச் சுட்ட பூண்டைப் பசும்பாலில் மசித்துக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் தினமும் அந்த வீட்டில் பூண்டு சுட்டார்கள். அன்று சாயங்காலமே குழந்தையை நர்ஸிடம் காட்டினோம்; யுவராணிக்குப் பால் ஊறும்வரை, கைக்குழந்தை வைத்திருந்த என் மருமகள் தினமும் இரண்டு வேளை பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் விடிந்த நேரம் யுவராணிக்கு மறுபடி பால் சுரந்தது. பூண்டால் வந்ததோ, வயிறு நிறைந்ததால் வந்ததோ, அத்தை பவுனு மடியில் படுத்து அழுததால் வந்ததோ, எனக்குத் தெரியாது. குழந்தை மூச்சுமுட்டக் குடித்தது. விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. ராஜாத்தி அறை வாசலில் நின்று பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சட்டென்று தெருப்பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, இங்கன வந்து பாருங்களேன். புள்ளை குடிக்குது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். சீனிச்சாமி போன ஆறு நாளில் அவள் முதன்முதலாக அழுதது அப்போதுதான்.