ஏலத்தில் உயர்ந்த கை

அயர்லாந்து நாவல் எதை எடுத்தாலும் அதில் நிலம் வருகிறதா என்றுதான் அட்ராக்டா மல்ஹெர்ன் முதலில் பார்ப்பாள். பஞ்சக் கதைகள் அவளுக்கு ஆகாது. எல்லோரும் செத்துப்போகிறார்கள், தண்டிக்க ஆள் மிஞ்சுவதில்லை. அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். டப்ளின் கதைகளில் வயலே கிடையாது. உள்நாட்டுப் போர்க் கதைகளில் துரோகி இருப்பான், ஆனால் சீக்கிரமே சுட்டுவிடுவார்கள். அவளுக்கு அது போதாது. அவன் உயிரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ரோஸ்காமன் பக்கத்துச் சிற்றூர். அட்ராக்டா பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதம் ஒருமுறை நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும். அயர்லாந்து வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள் மட்டும். முறைவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்தவர் ஒரு பக்கத்தைக் காட்டி, யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்வார். மறுக்கும் வழக்கமில்லை. அந்த வழக்கத்துக்காகத்தான் அவள் வட்டத்தில் சேர்ந்தாள். ஃபின்டன் டான்ஸியும் அதில் இருந்தான்.

அவளுடைய அப்பா காசநோய் விடுதியில் கிடந்தபோது அவருடைய ஆற்றங்கரை வயலை வங்கி கடனுக்காக ஏலத்துக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட ஏலத்துக்கு ஊரே போகும். யாரும் விலை கேட்க மாட்டார்கள். கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நிற்பார்கள். வாங்க ஆளில்லை என்றால் வங்கி அந்தக் குடும்பத்தோடேயே பேசித் தீர்த்துக்கொள்ளும். அன்று ஒரு கை பையை விட்டு வெளியே வந்தது. ஃபின்டனின் அப்பா மாலக்கியின் கை. அதன்பிறகு அவளுடைய அப்பா அந்த வயல் கண்ணில் படாமலிருக்கச் சுற்றுவழியாகவே பூசைக்குப் போனார், சாகும்வரை.

அவள் முறை வந்தது. பின் அலமாரியிலிருந்து எடுத்த பழைய நாவலை நூலகர் நோரீனிடம் நீட்டினாள்.

"இது ரொம்ப இருட்டான கதையாச்சே, அட்ராக்டா. குளிர்காலத்துக்கு ஏதாவது சிரிக்கிற மாதிரி எடுக்கலாமே."

"எனக்குச் சிரிப்பு வந்துது."

கூட்டத்தன்று ஏலக் காட்சி வரும் பக்கத்தைத் திறந்து ஃபின்டனிடம் கொடுத்தாள். தேவாலயத்தில் வேதாகமம் வாசிக்கிற குரல் அவனுக்கு. கணீரென்று ஆரம்பித்தான்.

"மெதுவா படி, ஃபின்டன். வயல் எங்கயும் ஓடிடாது."

கதையில் அந்தக் கை உயர்ந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமில்லை. நோரீனின் கழுத்து சிவந்தது. இரும்புக்கடை ஹான்லி தன் காலணியைப் பார்த்தார், அவர் மனைவி கோட்டை எடுத்துக்கொண்டாள். அட்ராக்டா சுட்டுவந்த திராட்சை ரொட்டியை யாரும் தொடவில்லை.

அடுத்த மாதம் ஃபின்டன் மட்டும் வந்தான். நோரீன் வேலையிருப்பதாகச் சொல்லி முன்மேசையிலேயே இருந்துவிட்டாள்.

"நல்ல அடி கொடுத்தே போ," என்றான் ஃபின்டன், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "ஹான்லி மூஞ்சியப் பாத்தியா? அவன் தாத்தா வாங்கின மேட்டு நிலம் யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். நோரீன் வீட்டுப் பின்பக்கமும் அப்படி வந்ததுதானே. அந்த மாதிரி ஆளுங்களோட கைகுலுக்கக் கூடாதும்பார் எங்கப்பா."

ஊர் முழுக்க அடி விழுந்திருந்தது, இவன் ஒருவனைத் தவிர.

அவள் நாவலை அவன் பக்கம் தள்ளினாள். "அதே பக்கத்தப் படி."

"மறுபடியுமா? கேக்க யாருமில்லையே."

"நான் இருக்கேன். இன்னும் என் முறை முடியல. கை தூக்குறவன் பேர் வர்ற இடத்துல உங்கப்பா பேரப் போட்டுப் படி."

மெல்லுவது நின்றது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஆத்தங்கரை வயலா?" என்றான். "யாருக்கும் வேண்டாம்னு கிடந்ததுன்னுதான் அப்பா சொல்வார்."

"படி."

மறுக்கும் வழக்கமில்லை. அவன் புத்தகத்தை எடுத்தான். கதையில் ஏலக்காரர் பேசினார், கூட்டம் நின்றது, கைகள் பைகளில் இருந்தன. அந்த இடம் வந்ததும் அவன் குரல் உள்ளே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது.

"உரக்க," என்றாள்.

"மாலக்கி டான்ஸி," என்று படித்தான்.

முன்மேசையில் நோரீன் தலை நிமிர்ந்தாள்.

"அந்த வரிய இன்னொரு தடவை," என்றாள் அட்ராக்டா, தனக்கு ஒரு துண்டு ரொட்டி வெட்டிக்கொண்டு.