சுண்ணாம்பு மலையில் ஒரு வாய்த் தண்ணீர்

இன்று ஈப்போவுக்கு வெளியே, காடு மூடிய சுண்ணாம்பு மலையில் தனியாக ஏறினேன். அடிக்கடி மழை பெய்கிற மலைதான். ஆனால் அத்தனை நீரையும் பாறை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வழியில் ஓர் ஓடைகூட இல்லை. கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

மேலிருந்து இறங்கி வந்த என் வயதுக்காரர் ஒருவர், என் முகத்தைப் பார்த்துத் தோளில் தொங்கிய தண்ணீர்க் குப்பியைக் கழற்றினார்.

"தமிழாளா? எந்த ஊருங்க?"

"சிதம்பரம் பக்கம், குமராட்சி."

"அட, நானும் குமராட்சிதாம்பா."

குப்பி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அடுத்து "எந்தத் தெரு?" என்பார். சேரி என்றதும் நீட்டிய கை மடங்குவதை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். மலாயா வந்தும் பொய் சொல்வதாக இல்லை.

"கொள்ளிடத்துல வெள்ளம் ஜாஸ்தியாமே, நாத்து தப்பிச்சுதா?" என்று கேட்டபடி குப்பியை நீட்டினார்.

"பாதி போச்சு" என்றேன்.

வழக்கப்படி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனேன்.

"வாய வச்சிக் குடி மச்சான், பொரையேறப் போவுது."

குடித்துக் கொடுத்தேன். மிச்சத்தை அவரும் வாய் வைத்தே குடித்தார்.

தெருவைக் கேட்காத குமராட்சிக்காரர் ஒருவர் கடல் தாண்டிக் கிடைத்துவிட்டார். ஊரிலேயே அப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள், தாகத்தோடு வருகிறேன்.