இடம் என்று ஒரு வரி

திருப்போரூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில் பக்கம் திரும்பும் தெருவில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பேன். பட்டா மனு, முதியோர் பென்ஷன் மனு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். பத்தாம் வகுப்பு முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன். அதற்கு மேல் படிப்பு இல்லை. கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம். மருந்துக் கடையில் ஆண்கள் நின்றால், அவர்கள் போகும்வரை வெளியில் காலண்டர் பார்ப்பதுபோல் நிற்பேன். இப்படிப்பட்ட நான், பாலுறவு பற்றி எழுதும் ஒரு பத்திரிகையால் இன்னொருத்தியின் வீட்டு நிம்மதியைக் கெடுத்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கெடுத்தேன்.

அவள் மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவள். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியது போதும். அவளுடைய கணவர் கல்வேலை செய்கிறவர். மகள் படூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், கடையில் வேறு ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, ஒரு லெட்டரு அடிச்சுக் குடுப்பியா? தமிழ்ல."

"கலெக்டருக்கா?"

"கலெக்டருக்கு எழுதித் தீர்ற விசயமா இது!" என்று சிரித்துவிட்டு, போனை என் முன்னால் நீட்டினாள்.

அது மெட்ராஸில் சிலர் சேர்ந்து நடத்தும் இணையப் பத்திரிகை. உடலுறவும் நம் பழக்கவழக்கங்களும்தான் அதில் விஷயம். கோவில் தூண்களில் இருக்கும் ஜோடிச் சிற்பங்கள், முதலிரவுக்குப் பால் கொடுத்து அனுப்பும் வழக்கம், தீட்டு, மறுமணம் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் கட்டுரை. மகளிர் குழுவில் யாரோ அனுப்பியதாம். எட்டாவது வரை படித்தவள், தினமும் மதியம் அதைப் படிப்பாளாம். அந்த வாரம், ஐம்பதை நெருங்கும் கணவன் மனைவி தனித்தனியாகப் படுப்பதைப் பற்றி ஒரு கட்டுரை. வாசகர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று கடைசியில் கேட்டிருந்தார்கள்.

"பேரு போடாத யக்கா. பேரு போட்டா அவ்ளோதான், நா செத்தேன்."

அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தே சொன்னாள். நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் சொன்னதை எழுத்துத் தமிழில் நான் அடித்தது இதுதான்.

"என் வீட்டுக்காரர் நந்தி செய்கிறவர். உளிவேலை முடிந்ததும் நந்தியின் முதுகை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பார், எங்காவது சொரசொரப்பு இருக்கிறதா என்று. அரைநாள்கூடத் தடவுவார். அந்தக் கை என் முதுகில் பட்டுப் பத்து வருஷம் ஆகிறது. நானாகப் பக்கத்தில் போனால், இந்த வயசிலா என்கிறார். எனக்கு நாற்பத்தேழு. நந்திக்கு மட்டும் வயசே ஆகாதா?"

அடித்து முடித்தபோது என் காது சூடாக இருந்தது. இப்படி ஒரு விஷயத்தை ஒருத்தி வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நன்றாகச் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மனு அடிக்கிறவர்கள் யாரும் வெள்ளைத் தாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பழைய மனு ஒன்றைத் திறந்து, நடுவில் உள்ளதை அழித்துவிட்டு, புதிதாக வந்தவரின் விஷயத்தை அடிப்போம். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் அப்படியே இருக்கும். நான் அனுப்புநர், பெறுநர் இரண்டையும் எடுத்துவிட்டேன். பெயர் இருந்த இடத்தில் "ஒரு வாசகி" என்று போட்டேன். அதற்கு இடது பக்கம், கீழே, "இடம்" என்றும் "நாள்" என்றும் இரண்டு வரிகள். அவை இல்லாத மனுவைத் தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷமாக அந்த இரண்டு வரியையும் யோசிக்காமல் நிரப்புகிற கை இது. அவளுடைய ரேஷன் கார்டு எதிரிலேயே கிடந்தது. கை அதைப் பார்த்து ஊர்ப் பெயரை அடித்துவிட்டது.

வாசித்துக் காட்டினேன். "இப்படிக்கு, ஒரு வாசகி" வரைக்கும் வாசித்தேன். இடம், நாள் என்பதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அவள் தலையாட்டினாள். கடை மெயிலிலிருந்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து நானும் அந்தப் பத்திரிகையைப் படிக்க ஆரம்பித்தேன். யாராவது படியேறி வந்தால் சட்டென்று பட்டா மனுவைத் திறந்துகொள்வேன். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் பத்திரிகையில் வந்தது. அதற்குக் கீழே வாசகர்கள் எழுத ஆரம்பித்தார்கள். "குடும்பப் பெண் ஊரறிய எழுதுகிற விஷயமா இது?" என்று ஒருவர். "அக்கா, என் வீட்டிலும் இதேதான், என் வீட்டுக்காரர் தடவுவது பைக்கை" என்று ஒருத்தி. "அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்" என்று அக்கறையாக இன்னொருவர். இதை எந்தப் பெண்ணும் எழுதியிருக்க மாட்டாள், பத்திரிகைக்காரர்களே உட்கார்ந்து எழுதியது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, நான் அடித்த கடிதத்துக்கு இத்தனை பேரா என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கடிதத்தின் அடிப்பகுதியைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

பார்த்தது பக்கத்து டீக்கடை. அங்கே தினமும் நிற்கிற ஆட்டோக்காரரும் மனை புரோக்கரும் போனில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். நடுவில் தடுப்பு ஒரு தகரம்தான். எல்லாம் என் காதில் விழுந்தது.

"இன்னா அண்ணாத்த, நந்திக்குக் குடுத்து வெச்சிருக்குது பாத்தியா!"

"சிரிக்காதய்யா. ஊரு பேரு போட்டுகீது பாரு. அந்த ஊர்ல நா மனை காட்டாத தெரு கெடையாது. அங்க நந்தி செய்றது ஒரே ஆளு."

"யாரு? ரோட்டாண்ட பட்டறை வெச்சிகினு கீறாரே, அவரா?"

"வேற யாரு? இனிமே அவுரு வூட்டாண்ட போனா வணக்கம் சொல்லக் கூடாது, முதுகத் தட்டிக் குடுத்துட்டுதான் வரணும்."

நான் பத்திரிகையைத் திறந்து கீழே பார்த்தேன். இருந்தது. இடம், அதற்குப் பக்கத்தில் அவளுடைய ஊர்.

ஆட்டோக்காரர் தகரத்துக்கு மேல் எட்டிப் பார்த்தார். "யக்கா, நீ டைப் அடிக்கிற ஆளாச்சே. இந்த மாதிரிலாம் யாருன்னா வந்து அடிச்சுக்கினு போறாங்களா?"

எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதைப் படிக்கிறவள் நான் என்றும் தெரிந்துவிடக் கூடாது. அந்தப் பயத்தில் சொன்னேன்: "எவளோ வெக்கங்கெட்டவ. எனக்கின்னா தெரியும்?"

அவர்கள் திருப்தியாகச் சிரித்தார்கள்.

அந்த வரியை எடுக்கச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. ஏன், எதற்கு என்று கேட்பார்களோ, போன் செய்வார்களோ என்று பயம். கடைசியில் இரண்டே வரி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேர வேலைக்கு நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பவேண்டியவர்களெல்லாம் அனுப்பி முடித்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். ஜெராக்ஸ் எடுக்க ஏதோ ஒரு தாள் கொடுத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிட்சு யக்கா. அவுரு பேசுறதே இல்ல. பாதி நந்திய சாக்குப் போட்டு மூடிட்டு, பட்டறையிலயே உக்காந்துகினு கீறாரு. போன அணைச்சு அரிசி டிரம்முல போட்டுட்டேன். நம்ம எங்க கீறோம்னு போனே காட்டிக் குடுத்துடுமாமே? பொண்ணு சொன்னா."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஜெராக்ஸ் தாளின் ஓரத்தைச் சரிசெய்தபடி, "அப்படித்தான் சொல்றாங்க" என்றேன். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

செய்ததில் எது பெரிய தப்பு என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஊர்ப் பெயரை அடித்தது கை. டீக்கடைக்காரர்களிடம் ஒன்று, அவளிடம் ஒன்று, மற்ற இரண்டையும் சொன்னது வாய். கையையாவது பழக்கம் என்று சொல்லலாம்.

அவள் பார்ப்பதை நிறுத்திய பிறகும் கடிதத்துக்குப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. யாருக்கு எழுதுகிறார்களோ அவள் மட்டும் படிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், யாராவது உள்ளே எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று.

வீட்டை ஒட்டியே பட்டறை. கல் அறுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாகச் சாக்கு போர்த்திய நந்தி, கொம்பு மட்டும் வெளியே தெரிந்தது. அவள் என்னைப் பின்பக்கம், தான் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லுக்கு அழைத்துப் போனாள். உட்காரச் சொல்லவில்லை.

"போன் காட்டிக் குடுக்கலம்மா. ஊர் பேர அடிச்சது நான்தான். மனுவுல போடற மாதிரி போட்டுட்டேன். உன் கார்டு எதுருல இருந்துச்சு. வேணும்னு பண்ணல."

பட்டறையில் மிஷின் நின்றது. அது மறுபடி ஓடும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

"போடட்டான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்."

"சரி. வெக்கங்கெட்டவன்னு சொன்னியாமே, அதுவும் மனுவுல போடற மாதிரிதானா?"

அதைச் சொல்ல நான் தயாராக வரவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கவே இல்லை.

"புரோக்கரு எங்க தெருவுல வந்து சொல்லிட்டுப் போனான், டைப்பு கடைக்காரம்மாவே காறித் துப்புறாங்கன்னு. அன்னிக்கி நா ஜெராக்ஸுக்கா வந்தேன்? நீயா வாயத் தொறக்கறியான்னு பாக்க வந்தேன்."

"பயந்துட்டேன்" என்றேன். அழுகை வந்தது. அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

"பையில இன்னா?"

எடுத்துக் கொடுத்தேன். "உனக்கு எழுதியிருக்காங்க. நல்லதும் கீது, திட்டும் கீது."

"திட்ட மொதல்ல படி. ஊருல கேட்டதவிட ஜாஸ்தியா கீதான்னு பாக்கலாம்."

படித்தேன். சத்தமாக, ஒவ்வொன்றாக. குடும்பப் பெண்ணா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினாள். பைக்கைத் தடவும் கணவனுக்கு ஒரு மூச்சு சிரிப்பு வந்தது, உடனே நிறுத்திக்கொண்டாள். ஒரு ஆண் எழுதியது நடுவில் வந்தது. "உங்கள் வீட்டுக்காரரைப் போல நானும் இந்த வயசிலா என்று சொன்னவன். அது மனைவியைக் கேட்ட கேள்வி இல்லை அம்மா. என்னால் முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவளை வெட்கப்படவைத்தேன்."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். அவள் அந்த ஒரு தாளை மட்டும் என் கையிலிருந்து உருவினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நாலாக மடித்தாள்.

"இத்த மட்டும் வெச்சிட்டு மீதிய எடுத்துகினு போ. அவுரு படிப்பாரு, பேச மாட்டாரு, ஆனா படிப்பாரு." பிறகு, "இனிமே ஒன் கடைக்கு வர மாட்டேன் யக்கா. கோவம்னு இல்ல. ஒன்னப் பாத்தா எனக்கு அந்த வார்த்ததான் காதுல வுழும்" என்றாள்.

இப்போது அவள் எதிர்ச் சாரியில் இருக்கும் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறாள். ஓரிரு முறை என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். அவள் வீட்டில் என்ன ஆனது, நந்தி முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை.

டீக்கடையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை எழுந்திருக்கிறேன். ஆனால் நான்தான் அடித்தேன் என்று சொன்னால், அது அவள்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதனால் ஒருநாள், நந்தி பேச்சு மறுபடி வந்தபோது, தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தே சொன்னேன்: "அந்தப் பத்திரிகைய நானும் படிக்கிறேன். அதுல தப்பு ஒண்ணுமில்ல. எழுதுனது நானா கூட இருக்கலாம்."

ஆட்டோக்காரர், "புருசனே இல்லாத உனக்கு ஏது யக்கா நந்தி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் காது கேட்க அவர்கள் அதைப் பேசவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த பழைய மனுக்கள் எல்லாவற்றிலிருந்தும் இடம் என்ற வரியை அழித்துவிட்டேன். மனு அடித்து முடித்ததும் வருகிறவர்களிடம் கேட்கிறேன்: "ஊர் பேர் போடட்டுமா?"

போனவாரம் பென்ஷன் மனுவுக்கு வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா கேள்வி இது? ஊரு போடாத மனு எங்க போய்ச் சேரும்?"

"கேக்கணும் பெரியவரே" என்றேன். அவர் சொன்ன பிறகு அடித்தேன்.